முதல் வரிசைத் துக்கம்

அடிக்கடி பறக்கிறவர்களுக்கு உள்நாட்டு விமானங்களில் சில மரியாதைகள் உண்டு. அதில் முதலாவது, விமானத்தடிக்குப் போகிற பேருந்தில் முன்னால் ஏற்றிவிடுவது. முன்னால் ஏறியவர் உள்ளே போய்க் கண்ணாடியோரம் ஒண்டிக்கொள்வார். பிறகு ஊரே ஏறும். கதவு திறந்ததும் கடைசியில் ஏறியவர் முதலில் இறங்கி ஓட, முதல் மரியாதை பெற்றவர் கடைசியில் கசங்கி இறங்குவார். கோமதிநாயகம் பல வருடங்களாக இந்த மரியாதையைக் குறைவில்லாமல் அனுபவித்து வந்தார்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மண்டல மேலாளர். ஆபீசில் ‘கோம்ஸ்’. சென்னை, மதுரை, கோவை, தூத்துக்குடி என்று வாரத்தில் பாதி ஆகாயத்தில் இருந்ததால் ‘தென்றல் ஏர்’ நிறுவனம் அவரை ‘வைரத் தென்றல்’ ஆக்கியிருந்தது. வைரத் தென்றலுக்கு முதல் வரிசை. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கும் முந்திரிப் பொட்டலம் சும்மா. பணிப்பெண் பெயர் சொல்லி வணக்கம் வைப்பாள். “கோம்தி நாய்கம்” என்றுதான் சொல்வாள், ஆனாலும் பெயர் பெயர்தானே. இவற்றோடு ‘பாரமில்லாப் பயணம்’ என்று ஒன்று.

இருக்கையின் தலைமாட்டில் வெதுவெதுப்பான இரண்டு பட்டைகள் இருக்கும். விமானம் மேலே ஏறியதும் அவை காதுக்குப் பின்னால் மெல்லத் தொடும். இறங்கும்போது மனசில் எது ரொம்பக் கனமாக இருந்ததோ அது இருக்காது. வருடாந்திரக் கூட்டத்தைப் பற்றிய நடுக்கம், மனைவி வாசல்வரை வந்து சொன்ன வார்த்தை, எதுவானாலும் போயிருக்கும். எங்கே போகும் என்று அவர் கேட்டதில்லை. விமான நிலைய ஓய்வறையில் மிஞ்சுகிற பொங்கல் எங்கே போகிறது என்றும்தான் அவர் கேட்டதில்லை.

அன்று விடிந்ததும் அம்மா போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றாள். அப்பா சண்முகவடிவு, தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோமதிநாயகம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். காரில் அழுதார். விமானத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பெல்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பணிப்பெண் குனிந்தாள்.

“வழக்கம்போலத்தானே சார்?”

அவர் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலுக்குப் பிற்பாடு அவர் பல காரணங்கள் சொல்லிப் பார்த்தார். பேச முடியாத நிலை, பழக்கதோஷம், காது அடைப்பு. உண்மைக் காரணம் ஒன்றுதான். சும்மா கிடைக்கிற எதையும் வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

தூத்துக்குடியில் இறங்கியபோது வெயில்கூட அழகாக இருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது, ஒரு மாவட்டத்தின் தலைநகரம் எது என்று தெரிந்திருப்பதுபோல. வைரத் தென்றலுக்கு வீடுவரை இலவசக் கார். அதை நோக்கி நடந்தவர், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்தார். தம்மைவிட ஓரிரு வயது மூத்தவர். கையில் ஜவுளிக்கடைப் பை.

“என்ன அண்ணாச்சி, எந்தப் பக்கம் போகணும்?” என்றார் கோமதிநாயகம். மனசு லேசாக இருந்தால் தர்மசிந்தனை தானாக வரும்.

“குரும்பூர் சார். திருச்செந்தூர் ரோட்டுல எறக்கிவிட்டீயன்னா பஸ்ஸ புடிச்சிக்கிடுவேன்.”

“நான் முத்தையாபுரந்தான். ஏறுங்க.”

அவர் பெயர் சுயம்பு. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை. காரில் ஏறியும் அழுகை நிற்கவில்லை. அழுகைக்கு நடுவே சாதாரணமாகப் பேசினார், விக்கலோடு பேசுகிறவர்போல.

“தப்பா நெனைக்காதீய சார். மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. யாழ்நிலான்னு பேரு. கடைல சீசன், ஒரு நாளுதான் லீவு தந்தாக. காலைல வந்துட்டு சாயங்காலம் திரும்பணும். அதான் கடைசி வரிசை டிக்கெட்டு போட்டேன். அதுதான பாதி வெல.”

“நல்ல விசேஷம்! அதுக்குப் போயி அழுவுறீங்களே?”

“இது எஞ்சொந்த அழுகை இல்ல சார். முன் வரிசைக்காரவுக பாரத்தக் கடைசி வரிசையிலதான எறக்குதாக. பாதி வெல பின்ன எதுக்கு? எப்பவும் ஆபீஸ் கவலைதான் வரும். என்னன்னே தெரியாம டார்கெட்டு டார்கெட்டுன்னு நெஞ்சு அடிச்சிக்கிடும். ஒரு டீயக் குடிச்சா போயிரும். இன்னைக்கு எவனோ பெருசா எறக்கிட்டான்.”

“யாருன்னு சொல்ல மாட்டாங்களா?”

“அதெல்லாம் சொல்ல மாட்டாக.”

“என்ன மனுஷனோ,” என்றார் கோமதிநாயகம் உண்மையான கோபத்தோடு. “அடுத்தவன் தலையில கட்டுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

முத்தையாபுரத்தில் தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் பந்தல், நாற்காலிகள், நடுவில் குளிர்பெட்டி. கார் நின்றதுதான் தாமதம், சுயம்பு கதவைத் திறந்துகொண்டு ஓடினார். யாரும் தடுக்கத் தோன்றாத வேகம். கண்ணாடிமேல் விழுந்து, இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

“எப்பா! எப்பா! ஒருவாட்டி என்னப் பாரேம்ப்பா!”

பந்தலே கலங்கிவிட்டது. கொட்டுக்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு கோமதிநாயகம் பயணப்பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதில் ‘முன்னுரிமை’ என்ற சிவப்புச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்தார். மூக்கில் பஞ்சு. மேலே கிடந்த மாலை கொஞ்சம் வாடியிருந்தது. மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. முகத்தைச் சுளித்துப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். கண்ணை இமைக்காமல் வைத்திருந்தார். எரிந்ததே தவிர ஈரம் வரவில்லை. எதிரே அந்த ஆள் அப்பாவுக்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்தபோதுதான், காரில் தாம் திட்டிய மனிதர் யார் என்று அவருக்குப் புரிந்தது.

பெண்கள் பக்கம் அதற்குள் விசாரணை தொடங்கியிருந்தது.

“யாருடி இது?” என்றாள் உலகம்மை அத்தை, அப்பாவின் தங்கை.

“தெரியலியே மதினி. கோமதி கூடத்தான் வந்தான்.”

“மூக்கப் பாத்தியா? எங்கண்ணன் மூக்கு. அச்சு.”

“ஆமா மதினி. காதுகூட.”

“அண்ணன் கொச்சிக்குக் கப்பல் வேலன்னு போச்சே, ஒரு வருசம். கல்யாணத்துக்கு முந்தி.”

எல்லோரும் மனசுக்குள் வருடக் கணக்குப் போட்டார்கள்.

“அப்ப இவன் கோமதிய விட மூத்தவன்லா?”

“அப்பன்னா... பேச்சிதான் ரெண்டாவதா?”

கோமதிநாயகத்தின் அம்மா பேச்சியம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டியிருந்த இரண்டு பேர், கால் மரத்துப்போனதுபோல நீட்டி மடக்கி, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மா அதைப் பார்த்தாள்.

கோமதிநாயகம் கொல்லைப்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தென்றல் ஏருக்குப் போன் செய்தார். வைரத் தென்றலுக்குக் காத்திருப்பே கிடையாது.

“வணக்கம் திரு. கோம்தி நாய்கம்! இன்னைக்கு உங்களிடமிருந்து இறக்கினது துக்கம், உயர் ரகம். வாழ்த்துகள் சார்.”

“அது எனக்குத் திரும்ப வேணும்.”

“சார்?”

“எங்கப்பா செத்துட்டாரும்மா. எனக்கு அழுகை வரல. அதைக் கொண்டுபோய் ஒருத்தர் தலையில வச்சிருக்கீங்க. அவரு இங்க எங்க வீட்ல அழுதுகிட்டிருக்காரு.”

“ரொம்ப வருத்தப்படுறோம் சார். ஆனா தூக்கி வெளிய போட முடியாது சார். ஆரம்பத்துல காலி சீட்டுலதான் இறக்கினாங்க. அப்புறம் அதுல உக்கார்றவங்க எல்லாம் காரணமே இல்லாம அழ ஆரம்பிச்சாங்க. அதனால ஆள்மேலதான் இறக்கணும்னு விதி. அவங்க சம்மதத்தோடதான் சார். டிக்கெட் போடும்போதே ‘சரி’ அழுத்துவாங்க.”

“திரும்பப் பெற வழியே இல்லையா?”

“வைரத் தென்றலுக்கு உண்டு சார். அதே நாள்ல ரெண்டு பேரும் ஒரே விமானத்துல, சீட்டு மாத்தி உக்காரணும். ஆனா ஒண்ணு சார், மெஷினுக்கு எடை மட்டும்தான் தெரியும். எது யாரோடதுன்னு தெரியாது. மனசுல எது ரொம்பப் பாரமோ அதை எடுக்கும். சாயங்கால விமானத்துல போட்டுடட்டுமா சார்? ஜன்னல் ஓரமா?”

அவர் திரும்பி வந்தபோது சுயம்பு பந்தல் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவர் மனைவியின் தம்பி போலிருக்கிறது. குரல் வெளியே கேட்டது.

“மச்சான், எங்க இருக்கீய? அங்கென்ன கொட்டுச் சத்தம்?”

“இல்ல மாப்ள, அது வந்து...”

“கேத வீட்டுக்குள்ள கால வச்சிட்டீரா? விளங்கும்! குளிச்சாலும் இன்னைக்குக் கோயில் பக்கம் வராதீரும். சாமி காரியம்.”

“மாப்ள, கொஞ்சம் தள்ளி நின்னாவது பாத்துட்டு...”

“கெடா வெந்துருச்சு மச்சான். ஆளுவ வந்தாச்சு. மடியில வச்சிக்கிடுறது தாய்மாமன் நாந்தான? நீரு எதுக்கு? விடும்.”

சுயம்பு போனைப் பையில் போட்டார். பையிலிருந்து பாவாடைச் சரிகை எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, கோமதிநாயகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அதற்குள் அடுத்த அழுகை வந்துவிட, பெட்டிப் பக்கம் ஓடினார்.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்கு நேரமானது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சித்தப்பா, அப்பாவின் தம்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுயம்புவின் தோளில் கைவைத்தார்.

“தம்பி, கூச்சப்படாதீரும். நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம். நீரு பொறந்தது எந்த வருசம்?”

சுயம்பு ஒன்றும் புரியாமல் வருடத்தைச் சொன்னார். சித்தப்பா விரல் மடக்கிப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தின் பக்கம் வருத்தத்தோடு திரும்பினார்.

“ஏல கோமதி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா. மூத்தவன் இருக்கையில நீ கொள்ளி வைக்கப்பிடாது.”

பந்தலில் எல்லாத் தலையும் அம்மாவின் பக்கம் திரும்பின. அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

“சித்தப்பா,” என்றார் கோமதிநாயகம். “அவரு யாரோ. எவரோ. அவரு அழுவுறது என்னோட அழுகை.”

சொல்லி முடிக்க நேரமானது. தலைமாட்டுப் பட்டை, முதல் வரிசை, கடைசி வரிசை, பாதி விலை. நடுவில் கொட்டு நின்றுவிட்டது. கூட்டங்களில் திரை போட்டு விளக்கிப் பழகிய குரலிலேயே அவர் விளக்கினார். அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

“அப்ப,” என்றாள் உலகம்மை அத்தை, “அப்பன் செத்த அழுகைய வித்துட்டியால?”

“விக்கல அத்தை. சும்மாதான் குடுத்தேன்.”

“வித்திருந்தாக்கூடத் தேவல.”

“எங்கண்ணனப் போயி சந்தேகப்பட்டோமே,” என்று சித்தப்பா தலையில் கைவைத்தார். அத்தைமார் இருவர் நைசாக ஒரு சாண் முன்னால் நகர்ந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார்கள். அத்தை மகன் ஒருவன் கோமதிநாயகத்தின் காதோரம் வந்தான். “அத்தான், அந்தக் கார்டுல குடும்பத்தாளையும் சேக்கலாமா? எனக்கு ஒரு கோர்ட்டுக் கவல கெடக்கு.”

அம்மா எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுயம்புவிடம் போனாள்.

“எய்யா, ஒம் மவளுக்கு இன்னைக்குக் காதுகுத்தாமே?”

“ஆமாம்மா.”

“இவங்கப்பா இவனுக்குக் காது குத்தயில கப்பல்ல சரக்க அப்படியே தொங்கவிட்டுட்டு ஓடியாந்தாரு. நீ இங்க நிக்க.” அவள் சுயம்புவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகனைப் பார்த்தாள். மகனின் முகத்தை அல்ல, சட்டைப் பொத்தானை. “அவரு அழுவுறது நம்ம வீட்டுச் சாமான். போயி வாங்கிட்டு வா. நாளைக்குப் பால் ஊத்துறதுக்குள்ள நீ அவருக்கு அழுதிருக்கணும். இல்லன்னா ஊத்தாத.”

சுடுகாட்டில் கோமதிநாயகம் மொட்டை போட்டுக்கொண்டார். சொன்னபடி சுற்றினார், சொன்னபடி குடத்தைப் போட்டார், காய்ந்த கண்ணோடு கொள்ளி வைத்தார். பக்கத்தில் சுயம்பு, முழங்காலில் நின்று, குரல் உடைந்து, தீ ஏறிச் சிதை சரிந்து விழுகிறவரை அழுதார். கூட வந்தவர்கள் அவரைத்தான் தட்டிக்கொடுத்தார்கள். கடைசியில் மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, எழுந்து நின்றார்.

இருவரும் காரில் விமான நிலையத்துக்குத் திரும்பினார்கள். சுயம்பு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“வேண்டாம் சார்.”

“மன்னிச்சிருங்க.”

“பரவால்ல சார். நாந்தான ‘சரி’ அழுத்துனேன்.”

இதற்குப் பதில் சொல்லக் கோமதிநாயகத்துக்கு எந்த நிர்வாகப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

விமானத்தில் சுயம்பு முதல் வரிசையில் உட்கார்ந்தார். கோமதிநாயகம் கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டி. பணிப்பெண் அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்துத் தயங்கி, “சார், நீங்க இங்க...” என்று ஆரம்பித்துவிட்டு, நமக்கெதற்கு என்று போய்விட்டாள். இங்கேயும் தலைமாட்டில் பட்டைகள் இருந்தன. ஆனால் சில்லென்று இருந்தன.

வானத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் அது வந்தது. முதலில் தொண்டையில். பிறகு மாரில், ஈரச் சாக்குபோல. கோமதிநாயகம் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் நிற்கவில்லை. கண்ணீர் வந்ததும் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. வந்துவிட்டது. அப்பா வந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் தேடும் அளவுக்கு, விக்கி விக்கி, சென்னைவரை அழுதார்.

இறங்கியதும் நடந்துகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தார்.

“அம்மா, வாங்கிட்டேன்மா.”

“அழுதியா?”

“அழுதுகிட்டே இருக்கேம்மா.”

மறுமுனையில் அம்மா காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். “சரிய்யா. வந்து அவருக்குப் பால் ஊத்து.”

வெளியே சுயம்பு காத்திருந்தார். ஆளே மாறியிருந்தார். கையில் முந்திரிப் பொட்டலம்.

“என்ன சுகம் சார் இது! காத்து மாதிரில்லா இருக்கு! இதுக்குத்தான் பெரிய ஆளுக எல்லாம் பறக்காகளா?” முந்திரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “ஆனா ஒரு சந்தேகம் சார். ஒங்க அப்பாவுக்கு அழ வேண்டியத நான் அங்கனயே அழுது முடிச்சிட்டேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. தீ ஏறுச்சு பாருங்க, அப்பவே தீந்துருச்சு. பின்ன எங்கிட்டருந்து எத எடுத்தாகன்னுதான் தெரியல.”

கோமதிநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுயம்புவின் போன் அடித்தது. திரையில் ஒரு சின்ன முகம். எண்ணெய் வைத்து வாரிய தலை, அழுது வீங்கிய கண், மஞ்சள் அப்பிய இரண்டு காதுகள்.

“அப்பா, நீ ஏன் வரல?”

அந்தக் குரல் கேட்டதும் கோமதிநாயகத்தின் மாரில் கிடந்த பாரம் அசைந்து, தன் இடத்தைக் கண்டுகொண்டது. அதில் அப்பா இல்லை. கிரேன் இல்லை, துறைமுகம் இல்லை. மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு, கூட்டத்துக்குள் ஒரு ஆளைத் தேடித் தேடிப் பார்த்த ஒரு பிள்ளை மட்டும் இருந்தாள். அவர் பார்த்தேயிராத பிள்ளை.

“வேல வந்துருச்சு பாப்பா,” என்றார் சுயம்பு சந்தோஷமாக.

“ரொம்ப வலிச்சுச்சுப்பா. நான் ஒன்னயத்தான் கூப்ட்டேன்.”

“அட, காது குத்துனா வலிக்காதா? அடுத்த தடவ பாத்துக்கிடுவோம், என்ன?”

பிள்ளை காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் இனித் தெரியாது. அதையும் கோமதிநாயகம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்தும் முடியாமல் வாய்விட்டு அழுதார். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

“அப்பா, அங்க யாருப்பா அழுவுறது?”

சுயம்பு திரும்பிப் பார்த்தார். போனை மெல்ல அந்தப் பக்கம் காட்டினார்.

“யாரோ ஒரு மாமா பாப்பா. பாவம், இன்னைக்கு அவுக அப்பா செத்துட்டாக.”

திரையிலிருந்து அந்தப் பிள்ளை அவரை இரக்கத்தோடு பார்த்தாள். கோமதிநாயகம் மொட்டைத் தலையை, ஆமாம் என்பதுபோல ஆட்டினார்.